சிவப்புக் கட்டம் போட்ட துண்டு

"முதல் நூறு மீட்டர்லயே எல்லாத்தையும் கொட்டிட்டா அப்புறம் என்ன மிச்சம்—"

"கொட்டலை இல்கா, முன்னாடி போனா. முன்னாடி போறதுக்குத்தானே போட்டின்னு பேரு."

"போய்? தவளை நீச்சல் வந்ததும் பக்கத்து லேன் பொண்ணுங்க ஒவ்வொருத்தியா அவளைத் தாண்டிப் போகலை?"

"அப்ப கோளாறு தவளை நீச்சல்ல. அதைச் சொல்லிக் குடுத்தது யாரு? நானா?"

"மல்லாந்த நீச்சல்லயே அவ காலை முறிச்சு அனுப்பிட்டு—"

"நான் எங்க முறிச்சேன், நான் மேல கம்பிகிட்ட சும்மா நின்னேன்."

"நின்னியா? ஆடினே. ஊரே பார்த்துச்சு."

"வலது பக்கம் திரும்பணும்," என்றாள் பின்சீட்டிலிருந்து போர்கா.

கார் நேராகப் போயிற்று. ஓட்டியவன் பாலிந்த். வழி தெரிந்தவள் இல்கா. ஒருத்தனுக்குப் பேச்சில் கவனம், ஒருத்திக்குப் பதிலில் கவனம். வீட்டுத் தெரு பின்னால் போய்விட்டது. தீசா ஆற்றுப் பாலம் எதிரே வந்து நின்றபோதுதான் இரண்டு வாயும் மூடின.

"இது பாலம்," என்றாள் இல்கா.

"தெரியுது."

"நாம ஆத்தைத் தாண்ட வேண்டியதில்லை."

"அதுவும் தெரியுது."

போர்கா ஈரத் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள். பாலத்தின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள்.

போன வாரம்தான் பாலிந்த், படுக்கை வைத்த தன் பழைய கேரவன் வண்டியை இழுத்துக்கொண்டு பயா ஊரிலிருந்து வந்து சேர்ந்து, பிரிந்து மூன்று வருடமான மனைவியின் தோட்டத்தில் அக்ரூட் மரத்தடியில் அதை நிறுத்தியிருந்தான். "போட்டி முடிஞ்சதும் போயிடுவேன்" என்றிருந்தான். "தோட்டம் வரைக்கும்தான், சமையல்கட்டுப் படியைத் தாண்டக் கூடாது" என்றிருந்தாள் இல்கா. அவன் டான்யூப் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவன். வாலிபத்தில் பட்டர்ஃப்ளை நீந்தி மெடல் வாங்கியவன். அவள் செகெத் ஊர்க்காரி. தவளை நீச்சல்காரி. இப்போது ஊர் கிளப்பின் பயிற்சியாளர். இவர்களுக்குப் பிறந்தவள் நானூறு மீட்டர் கலப்பு நீச்சலைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. பட்டர்ஃப்ளை, மல்லாந்த நீச்சல், தவளை நீச்சல், ஃப்ரீஸ்டைல் என்று நாலும் ஒருத்தியே ஒரே மூச்சில் நீந்தியாக வேண்டும். நாலில் ஒன்று அப்பாவுடையது. ஒன்று அம்மாவுடையது. மீதி இரண்டுக்கும்தான் தினம் சண்டை.

இன்று காலை தகுதிச் சுற்று. பாதித் தூரம் வரை போர்காதான் முதல். அதற்குப் பிறகு அவள் தண்ணீரில் நீந்தினாளா, தண்ணீர் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டதா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர். எட்டாவது ஆளாக, ஒரு விரல் நுனி வித்தியாசத்தில், உள்ளே நுழைந்திருந்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இறுதிச் சுற்று. முதல் இரண்டு பேர் ஐரோப்பிய இளையோர் போட்டிக்குப் போவார்கள். போன வருடம் போர்கா மூன்றாவது. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். இருப்பது இன்றைய சாயங்காலம் மட்டும்.

கார் வீட்டு வாசலில் நின்றது. இல்கா இறங்கவில்லை. கையை நீட்டினாள்.

"குடு."

"எதை?"

"வெள்ளைத் துண்டை."

பாலிந்த் தன் பையை மடியில் அணைத்துக்கொண்டான்.

மல்லாந்து நீந்துகிறவளுக்கு மட்டும்தான் புறப்பட்ட கரை கண்ணுக்குத் தெரியும். போர்கா சின்னப் பெண்ணாக இருக்கும்போதே பாலிந்த் கண்டுபிடித்த உபாயம் அது. புறப்படும் மேடைக்கு மேலே உள்ள கம்பியில் சமையல் துண்டு ஒன்றைத் தொங்க விடுவான். சிவப்புக் கட்டம் போட்டது என்றால் 'பிடிச்சு வை, அவசரமில்லை.' வெள்ளை என்றால் 'இப்ப போ.' இன்று காலை போர்கா மல்லாந்து நாலு கை போடுவதற்குள் வெள்ளை வந்துவிட்டது. தொங்கக்கூட இல்லை, தலைக்கு மேலே சுற்றியது.

"அவ முதல்ல இருந்தா இல்கா. முதல்ல இருக்குற பொண்ணுக்கு எப்படிச் சிவப்பைக் காட்டுறது? மனுஷன் செய்யுற காரியமா?"

"குடு."

கொடுத்தான். இல்கா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"நீ மட்டும் ஒழுங்கா?" என்றான் பாலிந்த்.

"நான் தவளை நீச்சல் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். உனக்கே தெரியும்."

அது உண்மை. தவளை நீச்சலில்தான் ஒவ்வொரு கை வீச்சுக்கும் தலை தண்ணீருக்கு மேலே வரும், காது கேட்கும். அப்போது இல்கா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பாள். நீளமாக ஒன்று அடித்தால் 'பொறு.' குட்டையாக இரண்டு அடித்தால் 'போ.' அவள் விசிலுக்கு நாலு தெரு நாய் எழுந்து உட்காரும். மற்ற நீச்சல்களில் கரையிலிருந்து கத்துகிற தாய் தகப்பன்களைக் கிளப்பில் வரிசையாக நிறுத்தித் திட்டியிருக்கிறாள். "தண்ணிக்குள்ள இருக்குற காதுக்கு எதுக்கு உங்க தொண்டை?" என்று கேட்பாள்.

மத்தியானம் தோட்டத்தில் நெருப்பு மூட்டி, அதன் மேல் மூன்று கம்பு நட்டுக் கொப்பரையைத் தொங்கவிட்டான் பாலிந்த். கெண்டை மீனும் வெங்காயமும் சிவப்பு மிளகாய்ப் பொடியும் ஒன்றாக விழுந்தன. பெரிய நெருப்பு. கரண்டி போடாமல் கொப்பரையின் காதைப் பிடித்து ஆட்டினான்.

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து இல்காவின் குரல் வந்தது. "பச்சைத் தண்ணியில எல்லாத்தையும் அள்ளிப் போட்டு எரிய விட்டா அது சூப்பா? முதல்ல பொடி மீனை மெதுவா வேக வச்சு, மசிச்சு, வடிகட்டி, அந்தச் சாறுல—"

"அதுக்குள்ள பசிச்சவன் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவான்."

"போகட்டும். அவசரக்காரனுக்கு மீன் சூப் எதுக்கு?"

"எல்லாத்தையும் பின்னாடிக்குன்னு எடுத்து வச்சா, பின்னாடி ஒண்ணு வரும்னு யாரு எழுதிக் குடுத்தது?"

"எடுத்து வைக்காதவனுக்கு எதுவும் வராது."

புல்லில் கால் நீட்டிப் படுத்திருந்த போர்கா ஒரு கண்ணைத் திறந்தாள். "சூப்பைப் பத்திப் பேசுறீங்களா, என்னைப் பத்தியா?"

கொப்பரை மட்டும் கொதித்தது.

தட்டு போடும்போது அடுத்த சண்டை. பயா ஊரில் மீன் சூப் என்றால் தட்டில் முதலில் தீக்குச்சி கனத்துக்குச் சேமியா, அதன் மேல் சூப். செகெத்தில் அப்படி ஒரு தட்டை நீட்டினால் விருந்தாளி எழுந்து போய்விடுவார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் சேமியா உள்ளே வந்ததில்லை. ஆனால் இன்று போட்டி நாள். நீந்தப்போகிற பெண்ணுக்குத் தெம்புக்குச் சேமியா வேண்டும். காரச் சூப்தான் வேண்டாம். இதைச் சொல்ல இல்கா என்கிற செகெத்காரிக்கு நாக்கு புரளவில்லை.

"அந்த... அந்தச் சேமியாவை அவளுக்கு நிறைய வை."

பாலிந்த் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "இன்னொரு தரம் சொல்லு."

"காதுல விழுந்துச்சுல்ல."

"மார்கித் நேனி," என்று, இந்த ஊரில் வயதான அத்தையைக் கூப்பிடுகிற சொல்லால், வேலிக்கு அந்தப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கிழவியைக் கூப்பிட்டான். "கேட்டீங்களா? இந்த வீட்டம்மா மீன் சூப்புக்குச் சேமியா கேக்குறா."

"ஐயோ, உடம்பு கிடம்பு சரியில்லையா இல்காவுக்கு?" என்றாள் மார்கித் நேனி.

"சூப் இல்லாம," என்றாள் இல்கா பல்லைக் கடித்துக்கொண்டு. "வெறும் சேமியா, கொஞ்சம் வெண்ணெய். மிளகாய்ப் பொடி ஒரு துளி படக் கூடாது. பட்டிருந்தா கழுவு."

"சேமியாவைக் கழுவுறதா?"

"கழுவு."

பாலிந்த் கழுவினான். தோட்டத்துக் குழாயடியில் சல்லடையைப் பிடித்துக்கொண்டு கழுவும்போது அவன் முகம் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவன் மாதிரி இல்லை, பிணத்தைக் குளிப்பாட்டுகிறவன் மாதிரி இருந்தது.

சாப்பிட்ட பிறகு இல்கா மகளுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள்.

"பட்டர்ஃப்ளையில கடைக்குப் போறவ மாதிரி போ. ரொட்டி வாங்கப் போறே, கடை மூடலை, மழை வரலை. மத்தவங்க ஓடுவாங்க. ஓடட்டும். மல்லாந்த நீச்சல்ல கை வேலை செய்யட்டும், கால் தூங்கட்டும். அந்தக் கால் உனக்கு அடுத்த நூறுக்கு வேணும். தவளை நீச்சல்ல முதல் நீளம் பிடிச்சுப் போ. நான் ரெண்டு விசில் அடிச்சதும் கதவைத் திற. அங்கதான் எல்லாரும் செத்துக்கிட்டு இருப்பாங்க. நீ ரொட்டியைத் தின்னுட்டு வந்தவ. ஃப்ரீஸ்டைல்ல நான் சொல்ல ஒண்ணுமில்லை. அங்க யாரும் யோசிக்கிறதில்லை."

"சரிம்மா."

"என்ன சரி?"

"ரொட்டி வாங்கப் போறேன்."

இல்கா உள்ளே போனதும் போர்கா எழுந்து கேரவன் படியில் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோபப்பட மாட்டியே?"

"உங்கம்மா கேக்காத எதைக் கேட்டுடப் போறே?"

"காலையில நீ வெள்ளையைச் சுத்தினதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. சத்தியமா. அப்புறம் தவளை நீச்சல்ல கால் ரெண்டும் என்னோடது இல்லை. யாரோ இரவல் குடுத்த மாதிரி."

பாலிந்த் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா சொல்றது எனக்குப் புரியுது. ஆனா எட்டாவதா போறப்ப, பக்கத்துல எல்லாரும் அந்தப் பக்கம் போனப்புறம், நான் ஒருத்தி மட்டும் பொறுமையா இருக்கணும்னா முடியலைப்பா. பயமா இருக்கு. சாயங்காலம் நீ சிவப்பையே தொங்க விடுவியா? நான் கடைசியில இருந்தாலும்? நீயே பொறுக்குறேன்னு தெரிஞ்சா எனக்கும் பொறுக்கும்."

"கடைசியில இருந்தாலுமா?"

"கடைசியில இருந்தாலும்."

"விடுறேன்," என்றான். "உங்கம்மா வெள்ளையைத்தான் பிடுங்கிக்கிட்டாளே. வேற என்ன செய்ய முடியும் என்னால?"

ஆறு மணி வெயில் நீச்சல் குளத்தின் மேல் சாய்ந்து விழுந்தது. பாலிந்த் நல்ல வெள்ளைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பித்தான் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மேலே கம்பியில் சிவப்புக் கட்டத் துண்டை விரித்து இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டான். காற்று இல்லை. இருந்தாலும் படகுக்காரன் முடிச்சு. சரக்குப் படகையே கட்டி நிறுத்தும்.

கீழே இல்கா குளத்தின் ஓரத்தில், எட்டாவது லேன் பக்கம் நின்றாள். அவளுக்கும் மகளுக்கும் இடையே நாலு அடித் தண்ணீர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். கிளப் பெற்றோர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

மணி அடித்தது. எட்டுப் பேரும் குதித்தார்கள்.

நடு லேனில் புதாபெஸ்ட் பெண் ஹங்கா. போன வருடத்து முதல் ஆள். அவள் கைகள் தண்ணீரை அறைந்துகொண்டு போயின. அவள் போனதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். எட்டாவது லேனில் ஒருத்தி மட்டும் ரொட்டி வாங்கப் போனாள். கையைத் தூக்கினாள், வைத்தாள். தூக்கினாள், வைத்தாள். அவசரமே இல்லை.

"அப்படித்தான்," என்று இல்கா முணுமுணுத்தாள்.

முதல் நீளம் முடிந்தபோது போர்கா எட்டாவது.

"அப்படித்தான், அப்படித்தான்."

திரும்பி வரும்போது ஏழாவது பெண்ணின் கால்களுக்கும் போர்காவின் தலைக்கும் இடையே ஒரு படகு போகலாம்போல் இருந்தது.

"கொஞ்சம்," என்றாள் இல்கா. "ரொம்ப கொஞ்சம் வேகமா."

படகு போகிற இடைவெளியில் இப்போது இரண்டு படகு போகும். கடை இவ்வளவு தூரமா என்று இல்காவுக்குத் தோன்றிற்று. ரொட்டிக்கடையைச் சொன்ன வாயை என்ன செய்வது என்றும் தோன்றிற்று. பின்னால் கட்டியிருந்த கை எப்போது முன்னால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. இரண்டு விரல் வாய்க்குள் போயிருந்தது.

குட்டையாக இரண்டு விசில். நாலு அடித் தூரத்தில் மகள். மகளின் காதைச் சுற்றித் தண்ணீர், நுரை, கைகள் அறைகிற சத்தம்.

மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. இல்கா குளத்தோரமாக நடந்தாள், பிறகு ஓடினாள். ஓடிக்கொண்டே, கீழ் உதடு பல்லில் நசுங்க நசுங்க அடித்தாள்.

வெள்ளை உடுப்பு நடுவர் ஒருவர் கையைக் குறுக்கே நீட்டினார். "கோச்சம்மா, ஓரத்துல ஓடக் கூடாது. அதுவும் இல்லாம பட்டர்ஃப்ளைல அவங்களுக்குக் கேக்காது."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அவர் முகத்துக்கு நேராக இன்னொரு தரம் அடித்தாள்.

மேலே பாலிந்துக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. மகள் எட்டாவதாகச் சுவரைத் தொட்டு மல்லாந்து திரும்பினாள். இனி அவள் பார்வை நேரே இந்தக் கம்பிக்கு.

கொடுத்த வாக்கை பாலிந்த் நினைத்துப் பார்த்தான். நன்றாகவே நினைத்துப் பார்த்தான். பிறகு பைக்குள் கையை விட்டு வெள்ளையைத் தேடினான். தண்ணீர் பாட்டில், கண்ணாடிக் கூடு, அரைப் பொட்டலம் பிஸ்கட். வெள்ளை இல்லை. அது இல்காவின் கைப்பையில் நாலாக மடிந்து கிடக்கிறது.

"நாசமாப் போக," என்றான் பாலிந்த்.

சிவப்பையாவது அவிழ்க்கலாமென்று முடிச்சைப் பிடித்தான். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் போட்ட முடிச்சு. நகம் உடைந்ததுதான் மிச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் வெள்ளைத் தொப்பியைப் பார்த்தான். அந்த அம்மாள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான். வெள்ளை.

பித்தான் கழற்ற நேரமில்லை. கீழிருந்து பிடித்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே தூக்கினான். எங்கேயோ 'டக், டக்' என்று இரண்டு சத்தம். சட்டை முகம் வரை வந்து நின்றது. மணிக்கட்டில் மாட்டிய பித்தான்கள் கையை விடவில்லை. கை வராமல் தலை வராது. தலை வராமல் கை வராது. பாலிந்த் வெள்ளை இருட்டுக்குள் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றான். வெயில் துணி வழியாகப் பால் மாதிரித் தெரிந்தது. சுற்றிலும் கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

"யாராவது இழுங்களேன்," என்றான் உள்ளேயிருந்து.

யாரும் இழுக்கவில்லை. எல்லோரும் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு முன்னால் கம்பியில் சிவப்புக் கட்டத் துண்டு சுருக்கமில்லாமல் தொங்கிற்று.

தொப்பிக்கார அம்மாள் மனம் இரங்கி ஒரு கைப்பித்தானைக் கழற்றிவிட்டபோது தவளை நீச்சல் நடந்துகொண்டிருந்தது. பாலிந்த் வெளியே வந்து கண்ணைக் கசக்கினான். எட்டாவது இடத்தில் மகளைக் காணோம். கடைசி ஆள் வேறு எவளோ. பிறகு கண்டுபிடித்தான். அவள் ஐந்தாவது.

"எப்படி?" என்று அம்மாளைக் கேட்டான்.

"அந்த ஓரத்துப் பொண்ணா? அது அப்படியேதான் வருது. மத்ததுங்கதான் பின்னாடி வருதுங்க."

கீழேயிருந்து குட்டையாக இரண்டு விசில் கேட்டது. இந்தத் தடவை சரியான இடத்தில். போர்காவின் தலை மேலே வந்தது. அடுத்த வீச்சு நீண்டது. அடுத்தது அதைவிட. நாலாவது பெண் நின்றுகொண்டிருக்கிறாளோ என்று தோன்றிற்று. ஃப்ரீஸ்டைலுக்குத் திரும்பும்போது மூன்றாவது. கடைசி நீளத்தில் ஹங்கா முன்னால், அவளுக்குப் பின்னால் இரண்டாவது லேன் பெண், அவள் தோளுக்கு நேராகப் போர்கா. பாலிந்த் சட்டையை ஒரு கையில் மாட்டிக்கொண்டு கத்தினான். என்ன கத்தினான் என்று பிற்பாடு அவனுக்கே ஞாபகமில்லை.

ஹங்கா தொட்டாள். மற்ற இரண்டு பேரும் ஒன்றாகத் தொட்டார்கள்.

பலகையில் எழுத்து வர ஒரு யுகம் ஆயிற்று. இரண்டாவது இடத்தில் 'போர்கா' என்று வந்தபோது, குளத்தோரத்தில் இல்கா மெல்லக் குந்தி உட்கார்ந்து முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோதும் நல்ல வெளிச்சம் இருந்தது. ஜூலை மாதத்தில் இங்கே சூரியனுக்கு வீட்டு ஞாபகமே வராது. மார்கித் நேனி வேலி மேலிருந்து ஒரு பாட்டில் பழச் சாராயத்தை நீட்டி, "பொண்ணுக்கு இல்லை, பெத்தவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சமையல்கட்டில் மூன்று தட்டு வைத்தாள் இல்கா. மூன்றாவது தட்டை வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "வெளியில கொசு. உள்ள வந்து சாப்பிடு."

பாலிந்த் படியில் ஒரு கால் வைத்து நின்றான். "உள்ளேன்னா?"

"உள்ளேன்னா உள்ளே."

செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவன் மாதிரி நுழைந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். சட்டையின் மேல்பக்கத்தைக் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

போர்கா உட்காரவில்லை. அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை.

"அம்மா, உனக்குத் தெரியாது. நீ கீழ நின்னே. நான்தான் பார்த்தேன். மல்லாந்து திரும்பினதும் நினைச்சேன், இந்நேரம் அப்பா வெள்ளையைக் காட்டியிருப்பாரு, காட்டினா போயிடணும்னு. பார்த்தா சிவப்பு. அதுக்குப் பின்னாடி அப்பா சட்டையால முகத்தை மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நிக்கிறாரு. நான் எட்டாவதா வர்றதை அவரால பார்க்க முடியலை. ஆனாலும் சிவப்பை எடுக்கலை. தானே கண்ணைக் கட்டிக்கிட்டாரும்மா. எனக்காக."

பாலிந்த் மேசை மேலிருந்த ரொட்டியைப் பார்த்தான்.

"முடிச்சைப் பார்த்தியா? தானே நினைச்சாலும் அவிழ்க்க முடியாதபடி போட்டிருக்காரு."

"பார்த்தேன்," என்றாள் இல்கா. "முதலுதவிப் பெட்டிக் கத்திரிக்கோலால வெட்டித்தான் எடுத்தேன்."

"அப்பதான் எனக்கு உள்ள ஏதோ அடங்குச்சு. இவரே பொறுக்குறாருன்னா நான் பொறுக்கலாம்னு. நீயும்தாம்மா. மத்த அம்மாங்க எல்லாம் முதல்லேர்ந்து கத்தியிருப்பாங்க. நீ சொன்ன மாதிரி தவளை நீச்சல் வரைக்கும் வாயே திறக்கலை. நீ அடிச்ச முதல் விசில் கேட்டப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு, கண்ணாடிக்குள்ள."

இல்கா சூப் கொப்பரையைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள்.

"ஐரோப்பியப் போட்டிக்கும் ரெண்டு பேரும் வரணும்," என்றாள் போர்கா. "அப்பா கம்பிகிட்ட, அம்மா ஓரத்துல. இல்லைன்னா நான் நீந்த மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். குளிச்சிட்டு வர்றேன், எனக்குச் சேமியா நிறைய வைங்க, இந்தத் தடவை சூப்போட."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் வந்தது.

இல்கா ஒரு தட்டில் சேமியாவை வைத்து அதன் மேல் சூப்பை ஊற்றினாள். தன் தட்டில். பாலிந்த் பார்த்தான். அவள் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். உடனே கண்ணில் நீர் வர, கரண்டியைக் கீழே வைத்து, உதட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"காரம்," என்றாள்.

"மத்தியானம் போட்ட அதே பொடிதான்."

இல்கா ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். வெட்டிய சிவப்புத் துண்டைக் கம்பியிலிருந்து உருவி எடுத்தபோது காலடியில் கிடைத்தவை அவை. சின்னதாக, வெள்ளையாக, இரண்டு பித்தான். ஒன்றில் நூல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. அவற்றை பாலிந்தின் தட்டுக்கு வலது பக்கம், கத்தி வைக்கும் இடத்தில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

பாலிந்த் பித்தான்களைப் பார்த்தான். தன் சட்டையைச் சேர்த்துப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்தான். சட்டை திறந்துகொண்டது. பிறகு நிமிர்ந்து, மூன்று வருடத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்திலிருந்து, மனைவியின் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தான்.

"அது கிடக்கட்டும் இல்கா. உன் கீழ் உதடு எதுக்கு இப்படி வீங்கியிருக்கு?"